அடையாறு, கூவம், கொசஸ்தலை: ஆற்றின் உடல்நலத்தை எதைக்கொண்டு, எப்போது அளப்பது?

பதிவு 1 | முடிச்சூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஆதனூர் ஏரியின் உபரிநீர் வந்து சேரும் அடையாற்றின் மேல்பகுதியில், முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் குடியிருக்கும் நாங்கள் சிலர், எங்கள் வீட்டை ஒட்டி ஓடும் இந்த ஆற்றை ஆண்டு முழுவதும் முறையாகக் கண்காணிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றில் எவ்வளவு நீர் போகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள்; எப்படிப்பட்ட நீர் போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. எங்கள் பகுதியில் மழைக்காலத்துக்குப் பின் சில மாதங்கள் நீர் தெளிந்து, கரையோரப் புல்லில் சிறுமீன்கள் திரிவதைப் பார்க்கிறோம். அனகாபுத்தூரைத் தாண்டினால் அதே ஆறு கறுத்துப் போகிறது. இந்த வேறுபாட்டை, யாரும் மறுக்க முடியாதபடி பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

குடியிருப்போர் சங்கத்தின் செலவில் ஒரு சோதனைப் பெட்டி வாங்கியிருக்கிறோம். கார அமிலத்தன்மை (pH), நைட்ரேட், கரைந்த ஆக்சிஜன், கிருமி இருந்தால் கறுக்கும் குப்பி ஆகியவை அதில் உள்ளன. எதை அளப்பது, எவ்வளவு இடைவெளியில் அளப்பது, நாங்கள் எடுக்கும் எண்களை யாராவது ஏற்பார்களா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பதிவு 2 | ஓய்வுபெற்ற வேதியியலர்

நல்ல முயற்சி, ஐயா. நீர் மாதிரிகளைச் சோதிக்கும் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், அந்தக் கறுக்கும் குப்பியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அது கிணற்று நீரும் குழாய் நீரும் குடிக்கத் தக்கவையா என்று பார்ப்பதற்கானது. கழிவுநீர் கலந்த ஆற்றில் அது எப்போதும் கறுக்கும். நேற்றைக்கும் இன்றைக்கும், மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது. மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிகளின் எண்ணிக்கை வேண்டுமென்றால் மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே ஓர் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

உங்கள் பெட்டியில் உள்ளவற்றில் மிகவும் பெறுமானமுள்ளது கரைந்த ஆக்சிஜன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்று நீரை அதன் சிறந்த பயன்பாட்டை வைத்து ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. குளிப்பதற்கான 'பி' வகைக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி. குறையாமலும், பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மி.கி. மிகாமலும் இருக்க வேண்டும். மீன்களும் காட்டுயிர்களும் வாழ்வதற்கான 'டி' வகைக்கு ஆக்சிஜன் 4 மி.கி. குறையக் கூடாது, மீனைக் கொல்லும் தனி அம்மோனியா 1.2 மி.கி. தாண்டக் கூடாது. அடையாற்றைப் பொறுத்தவரை நாம் இப்போதைக்கு எட்ட நினைக்கத்தக்க இலக்கு இந்த 'டி' வகைதான் என்பது என் கருத்து.

ஆனால் ஆக்சிஜனை எந்த நேரத்தில் அளக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் காற்றிலிருந்து ஏற்றுக்கொள்ளக் கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மி.கி. மட்டுமே. பகல் இரண்டு மணிக்கு உங்கள் சோதனை 11 என்று காட்டினால் ஆறு தூய்மையாகிவிட்டது என்று பொருளல்ல. கழிவின் ஊட்டத்தில் கொழுத்த பாசி வெயிலில் ஆக்சிஜனை உமிழ்கிறது என்று பொருள். அந்தப் பாசியே இரவு முழுவதும் ஆக்சிஜனை உறிஞ்சும். விடியலுக்குச் சற்று முன் அதே இடத்தில் 1 மி.கி. கூட இல்லாமல் போகலாம். மீன் சாவது அந்த நேரத்தில்தான். அலுவலக நேரத்தில் மாதம் ஒருமுறை எடுக்கப்படும் மாதிரியில் இந்தச் சரிவு ஒருபோதும் பதிவாகாது. காலை 5 மணிக்கு ஆற்றங்கரைக்குப் போகக்கூடியவர்கள் அங்கேயே குடியிருக்கும் நீங்கள்தான். உங்களால் செய்யக்கூடிய, வேறு யாரும் செய்யாத அளவீடு இது.

மாதிரி எடுக்கும்போது வாளியைத் தொப்பென்று போட்டு நீரைக் கலக்கினால் காற்று சேர்ந்து எண் உயர்ந்துவிடும். ஓட்டத்தின் நடுவில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, குமிழி இல்லாமல் குப்பியை நிரப்பி மூடுங்கள். வேதிப்பொருள் சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் வின்க்ளர் முறை என்றால் மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்த்து ஆக்சிஜனை நிலைப்படுத்திவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துவந்து சேர்த்தால் வழியிலேயே கிருமிகள் ஆக்சிஜனைத் தின்றிருக்கும்.

பதிவு 3 | சேத்துப்பட்டுப் பாலம்

உங்கள் அக்கறையை மதித்தே இதை எழுதுகிறேன். கூவத்தின் கரையில் வளர்ந்தவன் நான். ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தில் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 345 மி.கி. என்று மத்திய வாரியத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையிலேயே இருக்கிறது. 30 மி.கி. தாண்டினாலே மிக மோசமான முதல் பிரிவு. அந்த அறிக்கை வந்து என்ன மாறியது? பாலத்தைக் கடக்கும் எவருக்கும் மூக்கே போதும். அளப்பதற்குச் செலவழிக்கும் நேரத்தையும் பணத்தையும், கழிவுநீர் ஆற்றில் கலக்கும் வாய்களை அடைக்கச் சொல்லிப் போராடுவதற்குச் செலவழித்தால் என்ன? கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேராத கழிவுதான் ஆற்றுக்கு வருகிறது. நோய் தெரிந்த பிறகும் பரிசோதனையை நீட்டிக்கொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதிவு 4 | ஓய்வுபெற்ற வேதியியலர்

உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் நான் உடன்படவில்லை. 345 என்ற எண், ஆறு கெட்டுவிட்டது என்று சொல்கிறது. எந்த இடத்தில், எந்த வாயால், எந்த நேரத்தில் கெடுகிறது என்று சொல்வதில்லை. ஒரு வடிகால் வந்து சேரும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி, வடிகாலுக்குள் ஒரு மாதிரி என்று ஒரே வேளையில் எடுத்தால் அந்த வடிகாலின் பங்கு தனியே தெரிந்துவிடும். எந்த வாயை முதலில் அடைக்க வேண்டும் என்று போராடுகிறவருக்கும் அது தேவைப்படும். மின்கடத்துதிறனை அளக்கும் கையடக்கக் கருவி விலை மலிவானது; பல்லாவரம், பம்மல், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழிலின் உப்புநீர் எங்கேனும் கலந்தால் அந்த எண் சட்டென்று ஏறும். ஏறிய இடத்தின் மாதிரியை மட்டும் குரோமியம் சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செறிவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சுமையைப் பார்க்க வேண்டும். நொடிக்கு ஒரு கன மீட்டர் ஓடும் ஆற்றில் பி.ஓ.டி. 100 மி.கி. என்றால் ஒரு நாளில் கடலுக்குப் போகும் சுமை 8.64 டன். நவம்பரில் ஓட்டம் பத்து மடங்காகி, எண் 20 ஆகக் குறைந்தால், ஆறு ஐந்து மடங்கு தெளிந்துவிட்டது என்று செய்தி வரும்; கணக்குப் போட்டால் சுமை இரண்டு மடங்காகி 17.28 டன்னைத் தொட்டிருக்கும். ஆகவே எப்போது மாதிரி எடுத்தாலும் ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். ஆற்றின் அகலத்தையும் சில இடங்களில் ஆழத்தையும் அளந்து, ஒரு தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு, குறித்த தூரத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தால் போதும். மேற்பரப்பு வேகம் சராசரியைவிடக் கூடுதல் என்பதால், கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்கி, பிறகு அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும்.

பதிவு 5 | நீர்ப்பூச்சி ஆசிரியை

வேதியியலர் ஐயா சொன்ன விடியற்காலை அளவீட்டை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். விலங்கியல் கற்பிப்பவள் என்ற முறையில் அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எவ்வளவு அதிகாலையில் போனாலும் நாம் போகாத நாள்கள் இருந்துகொண்டுதான் இருக்கும். திருட்டுத்தனமாகக் கழிவு திறந்துவிடப்படும் இரவு அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். அந்த இரவில் ஆற்றை விட்டு எங்கும் போக முடியாமல் அங்கேயே கிடந்தவை, அடிமண்ணிலும் நீர்ச்செடிகளின் வேரிலும் வாழும் சிற்றுயிர்கள். தட்டான், ஊசித்தட்டான் ஆகியவற்றின் இளரிகள் (நீருக்குள் வளரும் இளம்பருவம்), நீர்த்தேள், நத்தை, மட்டி, அட்டை, புழு எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் பல உயிர்களுக்கு நீருக்குள் வாழும் காலம் வாரங்கள் அல்லது மாதங்கள் என்பதால், எவை இருக்கின்றன, எவை காணாமற்போயின என்பது கடந்துபோன வாரங்களின் பதிவேடாகிறது.

இதை எண்ணாக மாற்றும் முறையும் உண்டு. பிரிட்டனில் 1970களில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. (Biological Monitoring Working Party) மதிப்பெண் முறையில், மாசைத் தாங்காத குடும்பங்களுக்கு, அதாவது நெருங்கிய உயிரினங்களின் தொகுதிகளுக்கு, 10 வரை மதிப்பெண்; எதையும் தாங்கும் குடும்பங்களுக்கு 1 அல்லது 2. மே ஈ என்னும் பூச்சியின் சில வகைகளுக்கு 10, நத்தைகளில் பலவற்றுக்கும் அட்டைகளுக்கும் 3, கைரோனோமிட் எனப்படும் கடிக்காத கொசு போன்ற ஈயின் சிவந்த புழுக்களுக்கு 2, மண்புழு இனத்தைச் சேர்ந்த நீர்ப்புழுக்களுக்கு 1. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே இதைத் தழுவி, பல்வகைமை மதிப்பெண்ணையும் சேர்த்து, தூய்மையானது முதல் கடுமையாக மாசடைந்தது வரை ஐந்து உயிரியல் வகுப்புகளை வகுத்திருக்கிறது. வசதி இருந்தும் நம் ஊரில் இது பேசப்படுவதே இல்லை என்பது எனக்கு நீண்ட கால வருத்தம்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீன்தீனியாக விற்கும் சிவந்த டியூபிஃபெக்ஸ் புழுவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் உடலிலும் கைரோனோமிட் புழுவின் உடலிலும் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆக்சிஜன் அற்றுப்போகும் சேற்றிலும் அவை தாக்குப்பிடிப்பது அதனால்தான். நீங்கள் வலையைப் போட்டு அலசும்போது இவை இரண்டு மட்டுமே கற்றையாக வந்தால், அந்த இடத்தில் பி.ஓ.டி. சோதிக்காமலேயே நிலைமை தெரியும். மேல்பகுதியில் ஊசித்தட்டான் இளரியும் மட்டியும் சிறு இறாலும் சேர்ந்து வந்தால், நீங்கள் கேட்ட 'மறுக்க முடியாத வேறுபாடு' அதுதான்.

பதிவு 6 | முடிச்சூர்வாசி

அம்மா, மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள். எங்கள் பகுதியில் பாறையும் கூழாங்கல்லும் கிடையாது, மணலும் சேறும்தான். அங்கே எப்படிச் சேகரிப்பது? அடுத்து, பிரிட்டனின் ஆறுகளுக்கு வகுத்த மதிப்பெண்ணை நம் சமவெளி ஆறுகளுக்கு அப்படியே போடலாமா?

பதிவு 7 | நீர்ப்பூச்சி ஆசிரியை

இரண்டாவது கேள்விதான் முதன்மையானது, அதிலிருந்து தொடங்குகிறேன். அப்படியே போடக் கூடாது. குளிர்ந்த, வேகமாக ஓடும், கல் நிறைந்த ஓடைகளில் வாழும் கல் ஈக்களை அந்த அட்டவணை உச்சியில் வைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் அவை உண்டு. சென்னைச் சமவெளியின் மணற்பாங்கான ஆற்றில், அது எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், அவற்றை எதிர்பார்க்க முடியாது. அவை இல்லை என்பதற்காக அடையாற்றுக்கு மதிப்பெண் குறைத்தால் அது அநீதி. இன்னொரு பக்கமும் பிழை நேரும். அந்த அட்டவணையில் லிபெலுலிடே குடும்பத்துத் தட்டான்களுக்கு 8 மதிப்பெண். நம் ஊர்ச் சாக்கடை ஓரங்களிலும் தயங்காமல் பெருகும் பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா என்னும் செம்மஞ்சள் தட்டான் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இளரி ஒன்று வலையில் விழுந்தால் சாக்கடைக்கும் 8 கிடைத்துவிடும்.

ஆகவே நமக்கு வேண்டியது நம் நிலத்துக்கான ஒப்பீட்டு இடம். கழிவு சேராத, ஆனால் மண்ணும் சரிவும் வெப்பமும் ஒத்த ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே என்னென்ன குடும்பங்கள் வாழ்கின்றன என்று முதலில் பட்டியலிட வேண்டும். ஆதனூருக்கு மேலே உள்ள ஏரிக் கால்வாய்களில் ஒன்றோ, பூண்டிக்கு மேலே கொசஸ்தலையின் ஓர் ஓரமோ பொருத்தமாக இருக்கலாம். நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்காணிப்பு இடத்திலும் அந்தப் பட்டியலில் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்று பாருங்கள். ஒப்பீட்டு இடத்தில் 20 குடும்பங்கள் இருந்து, அனகாபுத்தூரில் 3 மட்டும் கிடைத்தால், அந்த 3க்கும் 20க்கும் உள்ள விகிதம் எந்த வெளிநாட்டு அட்டவணையையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

சேகரிக்கும் முறை எளிது. நீண்ட கைப்பிடியுள்ள, அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையால் கரையோரச் செடிகளின் வேர்ப்பகுதியைத் துழாவுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரே அளவு நேரம், ஒரே அளவு தூரம். கல் இல்லாத இடத்தில், ஒரு வலைப்பையில் கூழாங்கற்களைப் போட்டு ஆற்றில் கட்டித் தொங்கவிட்டு, சில வாரம் கழித்து எடுத்து அதில் குடியேறியவற்றை எண்ணலாம். எல்லா இடத்திலும் ஒரே பை, ஒரே கல், ஒரே காலம் என்பதால் ஒப்பிடுவது நேர்மையாக இருக்கும். வெள்ளைத் தட்டில் கொட்டிப் படம் எடுத்துவிட்டு, உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். முழங்கால் வரை ரப்பர் காலணியும் கையுறையும் இல்லாமல் எவரும் நீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் பரவும் நீர் அது.

பதிவு 8 | எண்ணூர்க் கழிமுகம்

ஆசிரியை அம்மா சொன்ன முறை நன்னீருக்குப் பொருந்தும். கழிமுகத்தில் வேறு கணக்கு. நான் எண்ணூரில் மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவன். கொசஸ்தலை கடலில் சேரும் இந்த இடத்தில் ஓதம் ஏறும்போது ஒரு நீர், வடியும்போது வேறு நீர். ஏறும்போது மாதிரி எடுத்தால் கடலின் தரத்தைத்தான் அளப்பீர்கள். அடையாற்றிலும் திரு.வி.க. பாலத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே இதே நிலைதான்; அங்கே முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் ஓதமே நின்றுபோகும். ஓத அட்டவணையைப் பார்த்து, வடிந்து முடியும் வேளையில்தான் எடுக்க வேண்டும், அந்த வேளையைக் குறித்தும் வைக்க வேண்டும்.

எங்களுக்குக் கருவி இல்லாத காலத்திலேயே எங்கள் பெரியவர்கள் ஆற்றின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார்கள். கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு அடிச்சேறு மணலாக இருக்கிறதா, சாம்பல் படிந்து வழுக்குகிறதா என்று விரலே சொல்லும். மஞ்சள் மட்டி கிடைத்த திட்டுகளில் இப்போது தென் அமெரிக்காவிலிருந்து வந்தேறிய காக்கா ஆழி பாய் விரித்தாற்போல மூடிக் கிடக்கிறது. அதன் கீழே இறால் தங்க இடமில்லை, ஓட்டின் கூர்மையில் காலும் கையும் அறுபடுகின்றன. எந்த ஆண்டு எந்தத் திட்டு மூடியது என்று படகுக்காரர்களைக் கேட்டு வரைபடத்தில் குறித்தால் அதுவும் கண்காணிப்புதான். ஆக்சிஜன் சோதனையில் காக்கா ஆழி தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்தக் கழிமுகம் முழுக்கப் படர்ந்தபோது, என்ன இழந்தோம் என்று எங்களிடம் கேட்டார்கள். முந்தைய ஆண்டு எந்தத் திட்டில் எவ்வளவு மட்டி, எவ்வளவு நண்டு, எந்த அலையாத்தி மரத்தடியில் எத்தனை வளை என்று எழுத்தில் எங்களிடம் எதுவும் இல்லை. நினைவை யாரும் கணக்காக ஏற்பதில்லை. சேத்துப்பட்டு நண்பரே, அளப்பது எதற்கு என்று கேட்டீர்கள். கெட்ட நாளுக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்பதற்குத்தான்.

பதிவு 9 | சேத்துப்பட்டுப் பாலம்

எண்ணூர் நண்பரின் கடைசிப் பத்தி என்னை யோசிக்க வைக்கிறது. மேலே கீழே என்று வடிகால் வாரியாக அளப்பதானால் கூவத்தில் நானும் வரத் தயார். ஆனால் ஒரு கேள்வி: நேப்பியர் பாலத்தின் அருகே, கடல்நீர் வந்து கலக்கும் இடத்தில்தான் அழுகிய முட்டை நாற்றம் அதிகம். கடல்நீர் வந்தால் குறையத்தானே வேண்டும்?

பதிவு 10 | ஓய்வுபெற்ற வேதியியலர்

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உண்டு. ஆக்சிஜன் தீர்ந்துபோன சேற்றில் ஒருவகை பாக்டீரியாக்கள் சுவாசிப்பதற்கு அந்த சல்பேட்டைப் பயன்படுத்தி, ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. கழிவு மேலிருந்தும் சல்பேட் கீழிருந்தும் வந்து சந்திக்கும் இடம் அது. உப்பு கலந்த நீரில் இன்னொரு தொல்லை: சி.ஓ.டி. எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனையில் குளோரைடு குறுக்கிட்டு எண்ணைப் பொய்யாக உயர்த்தும். ஆய்வகத்திடம் இது கழிமுக மாதிரி என்று சொல்லியே கொடுங்கள்.

அம்மோனியாவையும் கார அமிலத்தன்மையையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். 25 டிகிரியில், கார அமிலத்தன்மை 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே மீனைக் கொல்லும் தனி அம்மோனியா வடிவில் இருக்கும். 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பாசி பெருகிய நீரில் பிற்பகலில் 9 வரை ஏறுவது அரிதன்று.

பதிவு 11 | சட்டம் பயின்றவர்

எண்களை யார் ஏற்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் என் பதில். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, கழிவுநீர் மாதிரியை வாரியத்தின் அலுவலர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, சீலிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் அந்த முடிவு அச்சட்டத்தின்கீழான வழக்கில் சான்றாகும் என்கிறது. உங்கள் எண் அந்த இடத்தைப் பிடிக்காது. ஆனால் இன்ன வடிகாலில், இன்ன நேரத்தில் மாதிரி எடுங்கள் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுக் கொடுக்க அதைவிட வலுவான அடிப்படை வேறில்லை. அதோடு, உங்கள் பகுதியில் வாரியம் ஏற்கெனவே எடுத்த அளவுகளை, மாதிரி எடுத்த மணியையும் சேர்த்து, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுங்கள். மணி குறிப்பிடப்படாத ஆக்சிஜன் அளவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை வேதியியலர் ஐயா மேலே விளக்கிவிட்டார்.

பதிவு 12 | முடிச்சூர்வாசி

எங்கள் சங்கத்தில் பேசி முடிவெடுத்ததை எழுதுகிறேன். ஆதனூர்க் கால்வாய், முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர், நந்தம்பாக்கம் என ஐந்து இடங்கள். இடத்தை எக்காரணம் கொண்டும் மாற்றுவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலையிலும் அன்று பிற்பகலிலும் ஆக்சிஜன், வெப்பம், கார அமிலத்தன்மை, மின்கடத்துதிறன், ஓட்டம். ஆண்டுக்கு மூன்று முறை, அதாவது கோடையிலும் மழைக்கு முன்பும் தை மாதத்திலும், சிற்றுயிர்க் கணக்கு. வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை விழுந்த மறுநாள் விடியலில் ஒரு தனி அளவீடு. பி.ஓ.டி.யும் அம்மோனியாவும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில். அம்மா, இதில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?

பதிவு 13 | நீர்ப்பூச்சி ஆசிரியை

முதல் பெருமழை அளவீட்டைச் சேர்த்தது மிக நன்று. தெருக்கழிவும் அடிச்சேறும் ஒன்றாகக் கிளம்பி ஆக்சிஜனை ஒரே இரவில் குடித்துவிடுவதால் மீன்கள் செத்து மிதப்பது அப்போதுதான். இரண்டைச் சேருங்கள். கரையில் ஆகாயத்தாமரை எவ்வளவு அகலத்துக்கு மூடியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். மூடிய நீரில் வெயிலும் காற்றும் படாமல் ஆக்சிஜன் எண் தாழும், அதைக் கழிவின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. மீன் கிடைத்தால் வெறுமனே 'மீன் உண்டு' என்று எழுதாதீர்கள். ஜிலேபிக் கெண்டையும், கவசம்போல் தோலுள்ள வந்தேறிக் கெளுத்தியும் கெட்ட நீரிலும் வாழும். அயிரை, கெண்டைக்குஞ்சு, விரால் என்று இனத்தைக் குறியுங்கள். இனம் தெரியாவிட்டால் படத்தை இந்த இழையில் இடுங்கள், நானும் என் மாணவர்களும் பார்த்துச் சொல்கிறோம். ஆதனூர்க் கால்வாயில் முதல் பட்டியல் எடுக்கும் நாளை இங்கே அறிவியுங்கள். வலைகளும் தட்டுகளும் கல்லூரியிலிருந்து கொண்டுவருகிறேன்.

பதிவு 14 | எண்ணூர்க் கழிமுகம்

அம்மா, அந்த நாளில் எங்கள் பகுதியிலிருந்து இரண்டு பேர் வருகிறோம். முறையைக் கற்றுக்கொண்டு போய், காக்கா ஆழி இன்னும் மூடாத திட்டுகளில் வரும் மழைக்கு முன் எங்கள் கணக்கைத் தொடங்க வேண்டும்.